சாலை, வேலி, சட்டம்: வட கரோலைனாத் தீவுகளில் ஸ்பானிய வழிக் குதிரைகள்

அமெரிக்காவின் வட கரோலைனா மாநிலக் கரையை ஒட்டி, அட்லாண்டிக் கடலுக்கும் உப்பங்கழிக்கும் நடுவே ஒடுங்கி நீண்டு கிடக்கும் மணல்தீவுகளின் பெயர் அவுட்டர் பேங்க்ஸ். அங்கே மேய்ப்பார் இன்றித் திரியும் சிறிய குதிரைகளை ‘பேங்கர்’ குதிரைகள் என்கிறார்கள். இவை ஸ்பானியர் கொண்டுவந்த குதிரைகளின் வழிவந்தவை என்பது அத்தீவு மக்களின் நெடுநாள் நம்பிக்கை. இவற்றைக் காக்க வாதாடியவர்கள் எல்லாரும் முதலில் எடுத்துவைத்ததும் இந்தப் பூர்வீகத்தைத்தான். ஆனால் கடந்த நூறாண்டு நிகழ்வுகளை வரிசையாகக் கோத்துப் பார்த்தால், எந்தக் கூட்டம் பிழைத்தது, எது ஒடுங்கியது என்பதைச் சாலையும் வேலியும் சட்ட வாசகமுமே முடிவு செய்திருக்கின்றன.

பூர்வீகத்துக்குச் சொல்லப்படும் சான்றுகளில் பழையவை இரண்டு. 1526இல் லூக்காஸ் வாஸ்கெஸ் டி அய்யோன் அமைத்த ஸ்பானியக் குடியேற்றம் சில மாதங்களில் சிதைந்தது. கைவிடப்பட்ட குதிரைகள் பெருகின என்பது ஒரு கதை. அக்குடியேற்றம் வெகுதெற்கே ஜார்ஜியாக் கரையில் இருந்தது என்றே இன்று பெரும்பாலான அறிஞர்கள் கருதுகிறார்கள். ஆகவே இது நம்பத்தக்கதாக இல்லை. இரண்டாவது கதைக்கு ஓரளவு ஆவண வலு உண்டு. 1585இல் ஆங்கிலேயத் தளபதி ரிச்சர்ட் கிரென்வில், ஹிஸ்பானியோலாத் தீவில் ஸ்பானியரிடம் குதிரைகளையும் கால்நடைகளையும் வாங்கிக்கொண்டு வந்தார். அவருடைய ‘டைகர்’ கப்பல் அவுட்டர் பேங்க்ஸின் ஓக்ரகோக் தீவு அருகே தரைதட்டியது. குதிரைகள் நீந்திக் கரையேறின என்பது மட்டும் பின்னாளில் சேர்க்கப்பட்ட ஊகம்.

உடலமைப்பு இதைவிடத் தெளிவாகப் பேசுகிறது. குட்டையான முதுகு, சரிந்த பின்புறம், தாழ அமைந்த வால், குறுகி ஆழ்ந்த மார்பு ஆகியவை காலனிய ஸ்பானியக் குதிரைகளின் அடையாளங்கள் என்று கால்நடை மரபியலாளர் பிலிப் ஸ்போனன்பெர்க் வகுத்திருக்கிறார். 2022இல் எதிர்பாராத இடத்திலிருந்து இன்னொரு சான்று கிடைத்தது. இன்றைய ஹைத்தியில் 1578 வரை இருந்த புவெர்ட்டோ ரியால் என்ற ஸ்பானிய நகரத்தின் அகழாய்வுப் பொருள்கள் ஃபுளோரிடா இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளன. அவற்றில் மாட்டுப் பல் என்று பெயரிட்டு வைத்திருந்த ஒரு துண்டின் மரபணுவை ஆய்வாளர் நிக்கோலா டெல்சோல் ஆராய்ந்தபோது அது குதிரைப் பல் என்று தெரியவந்தது. 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அக்குதிரைக்குத் தாய்வழியில் மிக நெருங்கிய உறவாக அமைந்தது, அவுட்டர் பேங்க்ஸுக்கு வடக்கேயுள்ள அசட்டீக் தீவின் சின்கோட்டீக் மட்டக்குதிரை. இது அண்டைத் தீவின் குதிரையைப் பற்றிய சான்றுதான். பேங்கர் குதிரைக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. ஆயினும் கரீபியனிலிருந்து இக்கரைக்குக் குதிரைகள் வந்த பாதை வெறும் கற்பனை அல்ல என்று இனித் துணிந்து சொல்லலாம்.

நீர் சூழ்ந்த தீவில் வேலிச் செலவு கிடையாது. அதனால் குடியேறிகள் ஆடுமாடுகளையும் குதிரைகளையும் இங்கே அவிழ்த்துவிட்டார்கள். ஆண்டுக்கு ஒருமுறை பட்டியில் மடக்கிக் குட்டிகளுக்குச் சூடுவைத்து உரிமை குறித்தார்கள். கப்பல் விபத்தில் சிக்கியோரை மீட்கும் படையினர் கரையோர ரோந்துக்கு இக்குதிரைகளில் ஏறிச் சென்றனர். 1926இல் நேஷனல் ஜியாகிரஃபிக் இதழ் இவற்றின் எண்ணிக்கையை 5,000 முதல் 6,000 வரை என்று மதிப்பிட்டது. அடுத்த சில ஆண்டுகளிலேயே மேய்ச்சலால் மணல்மேடுகள் கரைகின்றன என்ற குற்றச்சாட்டு எழுந்தது. மேடுகளில் புல் நடும் அரசுப் பணி தொடங்கியது. கால்நடைகளை அகற்றும் சட்டங்களும் வந்தன. பெருங்கூட்டம் சிதறிச் சில தீவுத் துண்டுகளில் மட்டும் மிஞ்சியது.

ஓக்ரகோக்கின் கதை சுருக்கமானது. 1957இல் அங்கே தார்ச்சாலை போடப்பட்டது. 1959இல் தேசியப் பூங்காத் துறை குதிரைகளைப் பட்டியில் அடைத்தது. விபத்திலிருந்து அவை தப்பின. காட்டு வாழ்க்கை அத்துடன் முடிந்தது.

ஷாக்கிள்ஃபோர்டு தீவு வேறு வழியில் போனது. 1899இன் பெரும்புயலுக்குப் பின் மக்கள் வெளியேறியதால் அங்கே பாலமும் இல்லை, சாலையும் இல்லை. குதிரைகள் உப்புச் சதுப்பின் கோரையை மேய்ந்து, குளம்பால் மணலைத் தோண்டி ஊறும் நன்னீரைக் குடித்து வாழ்ந்தன. 1980களில் பூங்காத் துறை ஆடுமாடுகளை வெளியேற்றியபோதும் குதிரைகளை விட்டுவைத்தது. 1996இல் அவற்றைப் பிடித்து இரத்தம் சோதித்தபோது தொற்று இரத்தசோகை கண்டறியப்பட்டது. கடிக்கும் ஈக்கள் பரப்பும் இந்நோய்க்கு மருந்து கிடையாது. 76 குதிரைகள் கொல்லப்பட்டன. கரையோர மக்களின் துயரமும் கோபமும் 1998இல் ஒரு கூட்டாட்சிச் சட்டமாக வடிவம் பெற்றன. 1971இன் காட்டுக்குதிரைச் சட்டம் நில மேலாண்மைப் பணியகம், வனத்துறை ஆகியவற்றின் நிலங்களுக்கு மட்டுமே பொருந்தும் என்பதால், இத்தீவுகளுக்குத் தனிச் சட்டம் தேவைப்பட்டது.

அச்சட்டத்தின் உயிர், அதில் எழுதப்பட்ட எண். குறைந்தது 100 குதிரைகள் என்று முதலில் இருந்தது. மரபியலாளர் கஸ் காத்ரனின் ஆய்வை ஒட்டி 2005இல் 110 ஆகத் திருத்தப்பட்டது. 120 முதல் 130 வரை இலக்காக வைக்கப்பட்டது. குட்டி பிறந்ததும் அதன் தாய்வழி பதிவாகிறது. எந்தப் பெட்டைக்குக் கருத்தடை ஊசியைத் தொலைவிலிருந்து எய்வது என்பதை அந்தப் பதிவேட்டைப் பார்த்தே முடிவு செய்கிறார்கள். வாரிசுகள் நிறைந்த வழிக்கு ஊசி. அருகிவரும் வழிக்கு விலக்கு. இனக்காப்பு என்பது நாள்தோறும் செய்யும் கணக்கு வேலை என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை நான் அறியேன்.

அவுட்டர் பேங்க்ஸின் வடபகுதியில் உள்ள கொரோலாவில் அப்படி ஓர் எண் சட்டத்தில் ஏறவில்லை. 1980களின் நடுவில் பொதுச்சாலை திறந்ததும் கார்களில் அடிபட்டுக் குதிரைகள் மடிந்தன. 1989இல் ஊர்மக்கள் கொரோலா காட்டுக்குதிரை நிதியத்தைத் தொடங்கினார்கள். 1990களில் உப்பங்கழியிலிருந்து கடல்வரை வேலி போட்டு, குதிரைகளை அதன் வடக்கே கொண்டுசென்றார்கள். அங்கே தார்ச்சாலை கிடையாது. கடற்கரை மணலே வண்டிப்பாதை. சுமார் 7,500 ஏக்கர் பரப்பு என்றாலும் பெரும்பகுதி தனியார் மனை. ஆண்டுக்கு ஆண்டு வீடுகள் கூடுகின்றன. அங்கேயே உள்ள வனவிலங்குக் காப்பகத்தை நடத்தும் கூட்டாட்சித் துறையோ குதிரையை அந்நிய உயிரினமாகவே பார்க்கிறது. இத்தனைக்கும் 2010இல் வட கரோலைனா இக்குதிரையை மாநிலக் குதிரையாக அறிவித்தது. ஒரே விலங்கு ஓர் அலுவலகத்தில் மரபுச்சின்னம், இன்னோர் அலுவலகத்தில் ஊடுருவி.

ஷாக்கிள்ஃபோர்டு போன்ற ஒரு சட்டம் கொரோலாவுக்கும் வேண்டும் என்ற மசோதா 2012, 2013 ஆகிய ஆண்டுகளில் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது; செனட்டைத் தாண்டவில்லை. அதற்குள் மரபணுச் சோதனை, இக்கூட்டத்தில் ஒரே ஒரு தாய்வழிதான் எஞ்சியிருக்கிறது என்று காட்டியது. அதனால் 2014இல் ஷாக்கிள்ஃபோர்டு வழியைச் சேர்ந்த ஒரு பொலிகுதிரையைக் கொண்டுவந்து விட்டார்கள். இரு கூட்டங்களும் முன்பு ஒரே மந்தையின் பகுதிகள் என்பதால் இதை நான் கலப்பாகக் கருதவில்லை. அறுந்துபோன உறவை மீண்டும் இணைத்ததாகவே கருதுகிறேன். ஆயினும் ஒரு பொலிகுதிரை எவ்வளவு இரத்தத்தைப் புதுப்பித்தாலும் தாய்வழியைக் கூட்டாது. மைட்டோகாண்ட்ரிய மரபணு தாயிடமிருந்து மட்டுமே வருவது. கொரோலாவுக்கு அடுத்துத் தேவை வெளியிலிருந்து பெட்டைகள், அவற்றின் குட்டிகளுக்கு மேய நிலம், 110 என்ற எண்ணைத் தாங்கிய ஒரு சட்டம்.