பாஸ் என்றொரு பெயரும், பிழை எழுதும் பழக்கமும்



அரசு மடிக்கணினி நம் எக்கியார்குப்பத்துப் பிள்ளைகள் கைக்கு வந்த காலம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய திட்டம் அது. கணினியைத் திறந்தால் விண்டோஸ், பாஸ் என்று இரண்டு பெயர் வரும். பாஸ் யாருடையது என்று கேட்டவர்கள் குறைவு. அது நம் நாட்டுடையது. டெபியன் என்ற லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு சென்னை சி-டாக் உருவாக்கி, 2007-ல் வெளியிட்டது.

லினக்ஸ் பிறந்ததே ஒரு கேள்வியோடுதான். 1991 ஆகஸ்டில், பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், பொழுதுபோக்காக ஒரு இயங்குதளம் எழுதுவதாகச் சொல்லி, உங்களுக்கு என்ன வேண்டும் என்று மற்றவர்களைக் கேட்டார். இயன் மர்டாக் 1993-ல் தொடங்கிய டெபியன் இன்னும் ஒரு படி மேலே போனது. குறைகளை மறைக்க மாட்டோம் என்று 1997-ல் எழுத்திலேயே வாக்குக் கொடுத்தார்கள். பிழைப் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஒவ்வொரு பிழைக்கும் ஓர் எண் உண்டு.

(பிழைக்கு ஆங்கிலத்தில் 'பூச்சி' என்று பெயர். 1947-ல் ஹார்வர்டு கணினியில் சிக்கிய அந்துப்பூச்சியைக் குறிப்பேட்டில் ஒட்டி வைத்தார்கள். ஆனால் எடிசன் காலத்திலேயே அந்தச் சொல் புழங்கியது.)

எனக்குப் பிடித்தது நிறுவல் அறிக்கை. எந்த மாதிரிக் கணினி, எதிலிருந்து நிறுவினீர்கள், எந்தப் படியில் நின்றது, என்றெல்லாம் கேட்பார்கள். நல்லபடியாக முடிந்தாலும் எழுதச் சொல்கிறார்கள்! "வேலை செய்யலை" என்று மட்டும் சொன்னால் யாருக்கும் பயனில்லை. உப்பளத்தில் "உப்பு விளையலை" என்றால் விடுவார்களா? எந்தப் பாத்தி, எத்தனை நாள் தண்ணீர் நின்றது, மழை என்றைக்குப் பெய்தது என்று கேட்க மாட்டார்களா?

இங்கே நடந்தது வேறு. ஏதோ ஓடவில்லை என்றதும் பிள்ளைகள் ஒரு கடையில் கொடுத்து, பாஸை அழித்துவிட்டு வந்தார்கள். என்ன கோளாறு என்பது அந்த மேசையோடு முடிந்தது. செய்தவர்கள் காதுக்கு அது போகவே இல்லை. கேரளத்தில் ஐடி அட் ஸ்கூல் திட்டத்தில் ஆசிரியர்களுக்கே லினக்ஸ் பயிற்சி கொடுத்தார்கள். இங்கே எங்களுக்கு யாரும் அப்படிச் சொல்லித் தரவில்லை என்ற ஆதங்கம் எனக்கு இன்றும் உண்டு.

டெபியனைத் தமிழிலேயே நிறுவலாம். திரையில் ஒரு தமிழ்ச் சொல் தப்பாக இருந்தால் அதுவும் பிழைதான். எழுதி அனுப்புங்கள் பிள்ளைகளே, அதற்கும் எண் கொடுப்பார்கள்.