பொய்ம்மொழி முதல் கனவுருப்புனைவு வரை

சிங்கப்பூரின் சைனாடவுனுக்குச் சீனர்கள் வைத்த பெயர் ‘நியூ சே சுவே’. மலாய்க்காரர்கள் ‘கிரேத்தா ஆயர்’ என்றார்கள். இரண்டுமே தண்ணீர் வண்டியைக் குறிப்பவை. மாட்டு வண்டியில் தண்ணீர் வந்திறங்கிய அந்தத் தெருக்களிலும் பக்கத்துச் சிங்கப்பூர் ஆற்றங்கரையிலும் ஒரு காலத்தில் கதைசொல்லிகள் கடை விரித்திருந்தார்கள். முன்னால் ஓர் ஊதுபத்தி எரியும். சரியான கட்டத்தில் பத்தி அணையும், கதையும் நிற்கும். குரங்கரசன் சுன் வூகொங் தடியை ஓங்கியபடி காத்திருப்பான். காசு விழுந்ததும் அடுத்த பத்தி ஏற்றப்படும். சுற்றி உட்கார்ந்து கேட்டவர்கள் பெரும்பாலும் எழுதப் படிக்கத் தெரியாத கூலித் தொழிலாளர்கள்.

அவர்கள் காசு கொடுத்துக் கேட்ட கதைக்குச் சீன மொழியில் பெயர் ‘சியாவ் ஷுவோ’, அதாவது சின்னப் பேச்சு. இன்று நாவலையும் சிறுகதையையும் குறிக்கும் இதே சொல், ஹான் அரச காலத்து நூற்பட்டியலில் தெருப்பேச்சு என்று கீழிறக்கி வைக்கப்பட்டிருந்தது. நம் கதையும் இதுதான். தொல்காப்பியர் உரைநடை வகைகளைச் சொல்லும்போது நடவாததைத் தொடுத்துச் சொல்வதற்கும் ஓர் இடம் தருகிறார். அதற்கு அவர் இட்ட பெயர் பொய்ம்மொழி. யானையும் குருவியும் நட்புக் கொண்டு ஊர் சுற்றிய கதையை எடுத்துக்காட்டாகச் சொல்கிறார் உரைகாரர் பேராசிரியர். நடவாததைச் சொல்லும் கதைக்குத் தமிழ் இலக்கணம் தந்த முதல் பெயரிலேயே ‘பொய்’ வந்து உட்கார்ந்துவிட்டது.

அடுத்து வந்த பெயர்களும் அந்தக் கறையைக் கழுவவில்லை. பாட்டுக் கட்டினால் புலவன். மெட்டுக் கட்டினால் இசைக் கலைஞன். கதை கட்டினால் மட்டும் பொய்யன். ‘கட்டுக்கதை’ என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் விசாரணையே இல்லை. 1947இல் சிறுவர் இதழ் அம்புலிமாமா வந்தது, 1951இல் பாதாள பைரவி திரைக்கு வந்தது. ‘மாயாஜாலம்’ வீட்டுக்கு வீடு புழங்கும் சொல்லாயிற்று. அதிலும் ‘ஜாலம்’ இருப்பதால் அந்தக் கதைகள் குழந்தைகளோடு நின்றுவிட்டன. மீசை முளைத்தவன் அம்புலிமாமாவை ஒளித்துத்தான் படிக்க வேண்டியிருந்தது.

எதிர்த்திசையிலிருந்து வந்தது ‘விஞ்ஞானக் கதை’. மாயாஜாலத்துக்கு மறுக்கப்பட்ட மரியாதை இதற்குக் கிடைத்தது. காரணம் கதை அல்ல, முன்னால் நின்ற அடைமொழி. பொய் சொன்ன கதைக்கு விஞ்ஞானம் ஜாமீன் நின்றது. பிறகு தமிழகத்திலும் சிங்கப்பூரிலும் விஞ்ஞானம் ‘அறிவியல்’ ஆனது. இலங்கைப் பள்ளிகளில் மாணவர்கள் இன்றும் விஞ்ஞானம்தான் படிக்கிறார்கள். சுஜாதாவின் தொகுப்பு ‘விஞ்ஞானச் சிறுகதைகள்’ என்ற பெயரில் வந்தது. 2006இல் வெளியான ஜெயமோகனின் ‘விசும்பு’ அறிவியல் புனைகதைகள் என்ற அடையாளத்தோடு வந்தது. இந்த மாற்றத்தில் நான் முக்கியமாகக் கருதுவது ‘புனை’ என்ற வேர் உள்ளே வந்ததைத்தான். மாலை தொடுப்பதும் புனைதல், அணி பூணுவதும் புனைதல், ஓவியம் தீட்டுவதும் புனைதல். அதில் பொய்யின் வாடை இல்லை, கைவேலையின் பெருமை இருக்கிறது.

சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் வரும் இயந்திர நாய் ஜீனோவின் மின்சுற்றுகள் யாருக்கும் நினைவில் இல்லை. அதன் வாய்த்துடுக்கும் புத்தகப் பைத்தியமும் நினைவிருக்கின்றன. கதை நடக்கும் நாட்டில் மனிதர்களுக்கு இரண்டெழுத்துப் பெயர்கள்தான்: நிலா, சிபி, ரவி, ஜீவா. பெயரையே அளந்து கொடுக்கும் அரசு மனிதனை எவ்வளவு அளந்துவைத்திருக்கும் என்பதைச் சொல்ல எந்த ஆய்வுக்கூடமும் தேவைப்படவில்லை. அந்த நாவலை நிலைநிறுத்துவது விஞ்ஞானம் அல்ல, புனைவு.

சீனர்கள் இந்தத் தெளிவுக்கு நமக்கு முன்பே வந்தார்கள். 1902இல் யோக்கோஹாமாவிலிருந்து இதழ் நடத்திய லியாங் சிச்சாவ் ‘அறிவியல் சின்னப் பேச்சு’ என்ற பொருளில் ஒரு வகைப்பெயரை முன்வைத்தார். மறுஆண்டே லூ சுன், ஜூல் வெர்னின் நிலாப் பயண நாவலைச் சீனத்துக்குக் கொண்டுவந்தார். 1950களில் ரஷ்ய மொழியின் வழியில் ‘கே ஹுவான்’ நிலைத்தது. ‘கே’ அறிவியல், ‘ஹுவான்’ மாயத்தோற்றம். அறிவியலும் மயக்கமும் ஒரே பெயருக்குள் குடியேறின. லியூ சிசின் எழுதிய ‘மூவுடல் சிக்கல்’ 2015இல் ஹியூகோ விருது பெற்றபோது, தெருப்பேச்சு என்று ஒதுக்கப்பட்ட கதை உலக மேடையில் நின்றது.

தமிழில் அந்தச் சேர்க்கை சிங்கப்பூரிலிருந்து வந்தது. இங்கு வாழும் நண்பர்கள் சிலர் 2018இல் ‘அரூ’ என்ற காலாண்டு மின்னிதழைத் தொடங்கி, பெயருக்குக் கீழே ‘கனவுருப்புனைவு’ என்று போட்டார்கள். அறிவியல் சிறுகதைப் போட்டியும் நடத்தினார்கள். கனவு, உரு, புனைவு என்று மூன்று சொற்கள். பொய்யும் இல்லை, ஜாலமும் இல்லை, ஜாமீனும் இல்லை. டிராகனும் விண்கலமும் ஒரே கூரையின்கீழ் தங்கலாம்.

நல்ல கனவுருப்புனைவை எப்படி அடையாளம் காண்பது? அதற்கான அளவுகோலும் நம்மிடமே இருக்கிறது. அணியிலக்கணத்தில் இல்பொருள் உவமை என்று ஒன்று உண்டு. தண்டியலங்காரம் அதை அபூத உவமை என்கிறது. உலகில் இல்லாத ஒன்றைக் காட்டி, உள்ள ஒன்றை விளங்கவைப்பது அது. இல்லாத பொருள் எவ்வளவு விசித்திரமாக இருந்தாலும் தடையில்லை. அது உள்ள பொருளின் மேல் வெளிச்சம் பாய்ச்ச வேண்டும். இந்தத் தேர்வில் ஜீனோ தேறுகிறது, சுன் வூகொங் தேறுகிறான். கலைச்சொற்களை மட்டும் கொட்டி நிரப்பும் கதைகள் தேறுவதில்லை, அட்டையில் ‘அறிவியல்’ என்று எவ்வளவு பெரிதாக அச்சிட்டிருந்தாலும்.

ஆகவே வாசகர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். இந்த வகைக் கதைகளைப் பற்றிப் பேசும்போது ‘கனவுருப்புனைவு’ என்றே சொல்லுங்கள். புத்தகக் கடையில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள், நூலகத்தில் அந்தப் பெயரில் ஒரு தட்டு வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். புழங்கினால்தான் சொல் நிலைக்கும். மரியாதையான பெயர் நிலைத்தால்தான் பெரியவர்களும் இந்தக் கதைகளை ஒளிக்காமல் படிப்பார்கள்.