பரோக் அச்சோவியங்களில் நீதியும் முறைகேடும்

17ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் செப்புத் தகட்டிலிருந்து அச்சிட்ட படங்கள் விலை குறைந்தவை. கைமாறிப் பல ஊர்களுக்கும் சென்றவை. அதனால் நீதியைப் போற்றவும் அதன் பெயரால் நடந்த முறைகேட்டைச் சாடவும் அவை ஏற்றவையாக இருந்தன. வாளும் துலாக்கோலும் ஏந்திய நீதித்தேவி போன்ற உருவங்களுக்கு இலக்கணம் வகுத்துத் தந்தது இத்தாலியரான செசாரே ரிப்பாவின் 'இக்கோனோலோகியா' (1593, படங்களுடன் 1603).

அந்த இலக்கணத்தைத் தலைகீழாக்கிய படம் ஒன்று 1618இல் டச்சுக் குடியரசில் வெளியானது. சாலமோன் சாவெரி செதுக்கிய அதில், சமயப் பூசலின் இரு தரப்பும் துலாக்கோலில் நிறுக்கப்படுகின்றன. இறையியலாளர் கோமாரஸ் தரப்பின் தட்டில் இளவரசர் மாவுரிட்ஸின் வாள் கிடக்கிறது. தட்டு தாழ்வது அதன் எடையால்தான். மறுதரப்பை ஆதரித்த மூத்த அரசியல்வாதி ஓல்டன்பார்னெவெல்ட்டின் தலை 1619 மே 13 அன்று தி ஹேக்கில் வெட்டப்பட்டது.

இவ்வகையில் தலையாயது, லொரேனைச் சேர்ந்த ஜாக் கலோ 1633இல் பாரிஸில் வெளியிட்ட 'போரின் பெருந்துயரங்கள்'. 18 படங்கள், ஒவ்வொன்றும் உள்ளங்கை உயரமே. முதலில் படைக்கு ஆள் சேர்ப்பு, பிறகு வீரர்களே பண்ணைவீட்டையும் மடத்தையும் சூறையாடுவது, அதன்பின் பிடிபட்டவர்களுக்கு வரிசையாகத் தண்டனைகள். 11ஆம் படத்தில் ஒரே மரத்தில் இருபதுக்கும் மேற்பட்ட உடல்கள் தொங்குகின்றன. ஏணியில் பாதிரியார் சிலுவையை நீட்டுகிறார். மரத்தடியில் முரசைப் பலகையாக்கிச் சூதாட்டம் நடக்கிறது. 17ஆம் படத்தில் குடியானவர்கள் தாங்களே பழிதீர்க்கின்றனர். கடைசிப் படத்தில் அரசர் பரிசளிக்கிறார். இத்தொடர் போரைக் கண்டிக்கிறதா, படை ஒழுங்கைப் போற்றுகிறதா என்பதில் அறிஞர்கள் ஒன்றுபடவில்லை. அந்தச் சூதாட்டத்தைப் பார்க்கையில், வெறும் ஒழுங்குப் பாடம் என்று கொள்வது கடினம்.

ரெம்பிராண்ட் 1655இல் உலர்ஊசியால் கீறிய 'மக்கள் முன் கிறிஸ்து' நீதிமன்றத்தையே குற்றவாளியாக்குகிறது. ரோம ஆளுநர் பிலாத்துவின் மாளிகை முகப்பில் நீதித்தேவி சிலையாக நிற்க, அதன் கீழே குற்றமற்றவர் கூட்டத்தின் முன் நிறுத்தப்படுகிறார். தகட்டைப் பலமுறை திருத்திய ரெம்பிராண்ட், பின்னர் மேடைக்கு முன்னிருந்த கூட்டத்தைத் தேய்த்து அழித்து, அங்கே இரண்டு இருண்ட வளைவுகளை வரைந்தார். கூட்டம் நின்ற இடத்தில் இப்போது பார்வையாளரே நிற்க நேர்கிறது.

நூற்றாண்டின் பிற்பகுதியில் உருவகத்தோடு செய்திப்படமும் இடம்பெற்றது. 1672இல் தி ஹேக்கில் டச்சு அரசியல்வாதிகளான டி விட் சகோதரர்களைக் கும்பல் கொன்றதை ரொமெய்ன் டி ஹோகே அச்சோவியமாக்கினார்.