ஸரந்தீபின் உருக்கும் கச்சான் காற்றும்

பலாங்கொடையிலிருந்து கல்தொட்டைப் பாதையில் ஜெய்லானிக்குப் போனவர்களுக்கு அந்தக் காற்றைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. சின்ன வயதில் ஓகஸ்ட் லீவில் வாப்பாவோடு அங்கு போவோம். மலை விளிம்பில் இறங்கியதும் வாப்பா சொல்லுவார்: "தொப்பிய இறுக்கிப் புடிச்சிக்கோ மகன், இந்தக் காத்து ஆளயே தூக்கிட்டுப் போகும்." ஜூன் தொடங்கி செப்டெம்பர் வரை அந்தப் பக்கத்தில் மேற்கிலிருந்து இப்படித்தான் அடிக்கும். மழையை மலைநாட்டின் மறுபக்கத்தில் கொட்டிவிட்டு, காய்ந்த காற்றாக இறங்கி வரும். எங்களுக்கு அது தொப்பியைப் பறிக்கும் காற்று. ஆயிரம் வருடங்களுக்கு முன் அதே மலைகளில் வாழ்ந்தவர்களுக்கோ அது ஒரு சக்தி வளம். அதைக்கொண்டு அவர்கள் இரும்பு உருக்கினார்கள்.

இந்தக் கதையை பக்தாதிலிருந்து தொடங்குவதுதான் நம்மவர் வழக்கம். ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில், கலீபா முஃதஸிம் பில்லாஹ்வுக்காக (ஆட்சி 833–842) தத்துவஞானி அல்கிந்தி வாள்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். வாள்களை இரும்பின் தன்மையைக்கொண்டும் ஊரைக்கொண்டும் வகை பிரிக்கும்போது ஸரந்தீப் உருக்கைத் தனியாகப் பேசுகிறார். ஸரந்தீபிலேயே அடிக்கப்பட்ட வாள்கள் உண்டு. அதன் உருக்கைக் கொண்டுபோய் குராஸான் போன்ற இடங்களில் அடித்த வாள்களும் உண்டு. இந்தக் குறிப்பை மேற்கோள் காட்டி "நமது மூதாதையர் உருக்கு வணிகம் செய்தார்கள்" என்று பெருமைப்படும் கட்டுரைகளை நானும் எழுதியிருக்கிறேன். ஆனால் அந்த உருக்கு எங்கே, யாரால், எந்தச் சக்தியால் ஆனது என்று ஒரு முறையாவது கேட்டோமா? கப்பலை நினைவில் வைத்தோம். உலையை மறந்துவிட்டோம்.

உலையைக் கண்டுபிடிக்க ஓர் அணைக்கட்டு தேவைப்பட்டது. வளவை கங்கையை மறித்து சமனலவெவ நீர்மின் திட்டம் வரப்போகிறது என்றதும், நீரில் மூழ்கவிருந்த பிரதேசத்தில் 1988இல் தொல்லியல் ஆய்வு தொடங்கியது. கில் ஜூலெஃப் என்ற பிரித்தானிய ஆய்வாளர் அங்கு குன்றுச்சரிவுகளில் கிட்டக் குவியல்களைக் கண்டார். கிட்டம் என்றால் இரும்பு உருக்கிய கசடு, சிங்களத்தில் யபோர. அது கிடந்த இடங்கள்தான் விசித்திரம். ஆற்றோரம் இல்லை, ஒதுக்குப்புறம் இல்லை. மேற்கைப் பார்த்த உச்சிச் சரிவுகளில், காற்று நேரே முகத்தில் அறையும் இடங்களில் உலைகள் வரிசையாக இருந்தன. இப்படிப்பட்ட இடங்கள் 77. காலம் ஏறத்தாழ 7ஆம் நூற்றாண்டிலிருந்து 11ஆம் நூற்றாண்டு வரை. அல்கிந்தி எழுதிய காலம் இதற்கு நடுவிலே விழுகிறது.

உலையின் அமைப்பு எளியது. பின்பக்கம் கல்லாலும் களிமண்ணாலும் ஆன வளைந்த சுவர். முன்பக்கம் ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீளத்துக்கு நேரான களிமண் சுவர், அதன் அடியில் வரிசையாகக் களிமண் குழாய்கள். உருக்கி முடிந்ததும் முன்சுவரை உடைத்து இரும்பை எடுப்பார்கள். அடுத்த முறைக்குப் புதுச் சுவர். துருத்தி இல்லை.

துருத்தி இல்லாமலா என்று அறிஞர்களே நம்பவில்லை. காற்று ஒரு நேரம் அடிக்கும், ஒரு நேரம் அடங்கும். அதை நம்பி நல்ல இரும்பு எடுக்க முடியாது என்பதே அன்றைய பாடம். 1994இல் ஜூலெஃப் குழுவினர் அதே இடத்தில் அதே மாதிரி உலை கட்டி, கச்சான் காலத்தில் பற்றவைத்துப் பார்த்தார்கள். இரும்பு வந்தது. அதோடு காபன் கூடிய உருக்கும் வந்தது. 1996 ஜனவரியில் 'நேச்சர்' சஞ்சிகையில் முடிவு வெளியானது.

இரகசியம் காற்று குழாய்க்குள் முட்டி நுழைவதில் மட்டும் இல்லை. முன்சுவரின் மேல்விளிம்பைத் தாண்டிப் பாயும் காற்று வேகம் கூடி, சுவருக்குப் பின்னால் உலையின் வாயில் அமுக்கத்தைக் குறைக்கிறது. கீழே குழாய்ப் பக்கம் அமுக்கம் அதிகம், மேலே குறைவு. ஆகவே காற்று கீழிருந்து உறிஞ்சப்படுகிறது. வகுப்பில் பேனூலியின் தத்துவம் என்று படித்தது இதுதான். பேனூலி பிறப்பதற்குப் பல நூறு வருடங்களுக்கு முன்னர், பெயர் தெரியாத கிராமத்தான் அதைச் சுவராகக் கட்டி வைத்திருக்கிறான்.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். செக்கனுக்கு 10 மீட்டர் வேகத்தில் வீசும் காற்று ஒரு சதுர மீட்டர் பரப்பினூடாக ஒவ்வொரு செக்கனும் ஏறத்தாழ 600 யூல் இயக்கச் சக்தியைக் கொண்டுபோகிறது. அதாவது 600 வாற்று. ஒரு மனிதன் நாள் முழுக்கத் துருத்தி மிதித்தால் 75 வாற்று அளவில்தான் கொடுப்பான். எட்டு ஆளின் வேலை, கூலியில்லாமல் மலையில் வந்து நிற்கிறது! அதில் சிறு பங்குதான் உலைக்குள் போகும் என்பது வேறு விஷயம். வேகம் பாதியாகக் குறைந்தாலோ இந்த வலு பாதியாகாது, எட்டில் ஒன்றாகிவிடும். உச்சிச் சரிவைத் தேடிப்போனது என்னத்துக்கு என்று இப்போது விளங்கும்.

ஆனால் ஒன்றைத் தப்பாக விளங்கக்கூடாது. இரும்பை உருக்கிய வெப்பம் காற்றின் சக்தி அல்ல. அது கரியில் இரசாயனச் சக்தியாகச் சேமிக்கப்பட்டிருந்தது. மரம் பல வருடம் வெயிலிலிருந்து வாங்கி வைத்த சொத்து. காற்று செய்தது ஒட்சிசனைக் கொண்டுவந்து அந்தப் பெட்டகத்தைத் திறந்ததுதான். கரிக்கு இன்னொரு வேலையும் உண்டு. எரியும்போது உண்டாகும் காபனோரொட்சைட்டு, தாதுவிலுள்ள ஒட்சிசனைப் பிடுங்கி இரும்பைத் தனியாக விடுகிறது.

வினைத்திறன் என்று பார்த்தால் கைசேதம்தான். ஒரு கிலோ இரும்பைத் தாதுவிலிருந்து பிரிக்க 7 மெகாயூல் சொச்சம் போதும். ஒரு கிலோ கரியில் ஏறத்தாழ 30 மெகாயூல் இருக்கிறது. கால் கிலோ கரி போதும் என்று கணக்கு சொல்லும். உண்மையில் பல கிலோ தின்றிருக்கும். ஐந்து கிலோ என்று வைத்தாலும் பயன்பட்டது நூற்றுக்கு ஐந்து. மீதி எங்கே? சூடான வாயுவாக ஆகாயத்துக்கும், களிமண் சுவருக்கும், வழிந்தோடிய கிட்டத்துக்கும் போனது. சக்தி அழியவில்லை, நமக்கு உதவாத இடத்துக்கு மாறிவிட்டது. விறகைக் கரியாக்கும்போது இழந்ததையும் சேர்த்தால் எத்தனை காடு என்று கேட்க வேண்டும். ஸரந்தீப் வாளின் விலையில் அந்தக் காட்டின் விலையும் இருந்திருக்க வேண்டுமே, அதை யார் கொடுத்தார்கள்?

11ஆம் நூற்றாண்டோடு இந்த உலைகள் அணைகின்றன. சோழர் படையெடுப்பின் காலத்தோடு அது ஒத்துப்போகிறது. காரணமே அதுதான் என்று எழுத நான் துணியமாட்டேன். இரும்புத் தொழில் முற்றாக அழியவுமில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கனிப்பொருள் அளவைப் பணிப்பாளராக இருந்த ஆனந்த குமாரசுவாமி, பலாங்கொடைப் பக்கத்தில் துருத்தியைக் காலால் மிதித்து இரும்பு உருக்குவதையும், சிறு களிமண் மூசையில் இரும்பையும் மரச்சீவலையும் அடைத்து உருக்கு ஆக்குவதையும் பார்த்துப் பதிந்தார். மூசை உருக்குத்தான் வாளுக்கு ஏற்ற உருக்கு. ஆக, காற்று செய்த வேலை மனிதனின் காலுக்கு வந்துவிட்டது. இதை முன்னேற்றம் என்று எப்படிச் சொல்வது?

இனி அணைக்கட்டுக்கு வருவோம். சமனலவெவ 1992இல் இயங்கத் தொடங்கியது. கொள்ளளவு 120 மெகாவாற்று. இங்கே சேமிப்பு கரியில் அல்ல, உயரத்தில். மேலே நிற்கும் நீரின் அழுத்தச் சக்தி, 300 மீட்டருக்கு மேல் விழும்போது இயக்கச் சக்தியாகி, சுழலியில் மின்னாகிறது. வினைத்திறன் நூற்றுக்கு தொண்ணூறு அளவில். பழைய உலைக்காரன் கேட்டால் வாய்பிளப்பான். ஆனால் நீர் நிரப்பிய அதே வருடம் ஒக்டோபரில் வலதுகரை மலையைத் துளைத்துக்கொண்டு நீர் வெளியே பாய்ந்தது. அடைக்கச் செய்த முயற்சி முழுதாகப் பலிக்கவில்லை. செக்கனுக்கு இரண்டு கனமீட்டர் அளவில் கசிவு தொடர்ந்தது. 300 மீட்டர் உயரத்தோடு பெருக்கினால் ஐந்து மெகாவாற்றுக்குக் குறையாத வலு சுழலியைக் காணாமலே போகிறது.

பொறியியலாளர் கணக்கில் அது இழப்பு. அந்த நீர் போய்ச் சேருவது கீழேயுள்ள கல்தொட்டை வயல்களுக்கு. ஒரு முறை ஜெய்லானியிலிருந்து இறங்கி அங்கே தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, கசிவை அடைக்கப் போகிறார்களா என்று ஒரு வயோதிபக் கமக்காரரிடம் கேட்டேன். "அடச்சா எங்கட வயலுக்கு என்னத்தக் குடிக்கக் குடுக்குற?" என்றார்.