ஷிம் தகட்டின் கணக்கு: தக்காணப் பாறை நிலத்துக்கு ஷாக் அப்சார்பரை இசைவித்தல்

1. பொருளும் துணிபும்

மல்காஜ்கிரியை அடுத்த மௌலாலி குன்று முழுக்கக் கருங்கல். இத்தகைய பாறை ஐதராபாத்தைச் சுற்றிப் பரவிக் கிடக்கிறது. கரடுமுரடான நிலத்தில் ஓடும் இருசக்கர வண்டியின் ஷாக் அப்சார்பரிடம் இந்நிலம் இரண்டு முரணான வேலைகளைக் கேட்கிறது. வழுக்குச் சரிவில் மெல்ல இறங்கும்போது வண்டி தலைகுனியக் கூடாது. பாறை விளிம்பில் சக்கரம் மோதும்போது விறைத்து நிற்கவும் கூடாது. இரண்டையும் இணக்கும் இடம் ஷாக் அப்சார்பருக்குள் இருக்கும் ஷிம் தகடுகளின் அடுக்கு. அதில் எண்ணிக்கையைவிடத் தடிமனே ஆள்கிறது என்பது இக்கட்டுரையின் துணிபு.

2. அமைப்பு

ஸ்பிரிங் எடையைத் தாங்குகிறது. ஆயில் அசைவை அடக்குகிறது. பிஸ்டனின் துளைகளை மூடிக் கிடக்கும் மெல்லிய வட்ட எஃகுத் தகடுகளே ஷிம்கள். ஒரு முகத்து அடுக்கு அமுங்கலையும் மறுமுகத்து அடுக்கு மீட்சியையும் கட்டுப்படுத்தும். வெறும் துளையாயின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கேற்ப ஏறும். ஆயில் தள்ள ஓரம் வளையும் தகடு அவ்வேற்றத்தைத் தணிக்கிறது. இங்கு வேகம் என்பது பிஸ்டனின் வேகம், வண்டியுடையதன்று. ஊர்ந்து போகும் வண்டியிலும் கூர்விளிம்பு பிஸ்டனை விரைந்து தள்ளும்.

3. தடிமனின் கணக்கு

தகட்டின் விறைப்பு தடிமனின் மும்மடிக்கேற்ப மாறும். 0.10 மி.மீ. தகட்டை 1 எனக் கொண்டால் 0.15 மி.மீ. தகடு 3.375, 0.20 மி.மீ. தகடு 8. ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும் இரண்டு 0.10 தகடுகள் சேர்ந்தாலும் 2 தான். அவற்றை எடுத்துவிட்டு அதே விட்டத்தில் ஒரு 0.20 இட்டால் உயரம் மாறாது. அவ்விடத்து விறைப்பு நான்கு மடங்காகும்.

4. நிலத்துக்கேற்ற அடுக்கு

அ. மெல்லசைவு: ஆயில் கசிந்து செல்லும் புறவழியே இதை ஆள்கிறது. வெளியிலுள்ள கிளிக்கர் என்னும் திருகு பெரும்பாலும் மாற்றுவது இதைத்தான்.

ஆ. விரைவசைவு: விளிம்பில் மோதிக் கை உதறினால் கிளிக்கரால் பயன் குறைவு. அடுக்கின் கோடியிலுள்ள தாங்கு தகட்டின் விட்டத்தைக் குறைத்தால் வளையும் நீளம் கூடி அடுக்கு இளகும். குதித்திறங்கும் ராலி வண்டிக்கு, அடுக்கின் நடுவே சிறு விட்டத் தகடு இட்டு அதை இரண்டு கட்டமாக்குவர். முதற்கட்டம் வளைந்து இரண்டாவதைத் தொட்டதும் விறைப்பு ஏறும்.

இ. மீட்சி: இதற்கான எதிர்ப்பு மிகுந்தால் அடுத்தடுத்த மேடுகளில் சக்கரம் மீளாமல் வண்டி அமுங்கிக்கொண்டே போகும்.

ஈ. பயண நீளம்: ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 மோட்டார் சைக்கிளில் முன் சக்கரம் மேலும் கீழும் அசையும் பயணம் 190 மி.மீ.; அதன் ராலி கிட்டில் 250 மி.மீ. இடம் கூடினால் அடுக்கை இளக்கவும் துணியலாம்.

5. முறையும் முடிவும்

ஆயிலும் ஷாக் அப்சார்பரில் அடைத்த நைட்ரஜனின் அழுத்தமும் மாறாதிருக்க, ஒருமுறைக்கு ஒரு தகட்டை மட்டும் மாற்றி அதே பாதையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். அதற்கும் முன்வேலை, கழற்றிய தகடுகளை மைக்ரோமீட்டரால் அளந்து வரிசை மாறாமல் எழுதிவைப்பது. 0.05 மி.மீ. வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது; 3.375 மடங்கு கைப்பிடியில் தெரியும்.