தேய்ந்த சவரனும் குறைந்த எடையும்

நம் இல்லங்களில் பொன்னை அளக்கும் சொல் சவரன். எட்டுக் கிராமைக் குறிக்கும் இச்சொல், 1817-ஆம் ஆண்டு முதல் இங்கிலாந்து வெளியிட்ட ஒரு பொற்காசின் பெயரேயாகும். அக்காசின் முறையான எடை 7.988 கிராம். அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு பொன். எஞ்சிய ஒரு பங்கு பெரும்பாலும் செம்பு. பிஸ்துருச்சி என்னும் இத்தாலியக் கலைஞர் வடித்த, புனித ஜார்ஜியார் பறவைநாகத்தை வீழ்த்தும் காட்சி அதன் ஒரு முகத்தை அழகு செய்கிறது.

பழைய சவரன் ஒன்றைத் தராசில் இட்டு, எடை குறைந்திருக்கக் கண்டவுடன், "இது போலியோ? எவரேனும் சுரண்டினரோ?" என்றே நம்மில் பலர் ஐயுறுகின்றோம். ஆயின் குறைந்த எடை மட்டுமே குற்றத்திற்குச் சான்றாகுமா?

இவ்வினாவிற்கு எண்களால் விடை கண்டவர் வில்லியம் ஸ்டான்லி ஜெவோன்ஸ். இளமையில் சிட்னி நாணயச்சாலையில் உலோகத்தின் தரம் சோதிப்பவராகப் பணியாற்றி, பின்னர் மான்செஸ்டரில் பேராசிரியரானவர் அவர். புழக்கத்திலிருந்த காசுகளை அவற்றின் ஆண்டுவாரியாகப் பிரித்து எடைபோட்டு, 1868-இல் தம் முடிவை வெளியிட்டார். ஒரு சவரன் ஆண்டொன்றுக்குச் சராசரியாக 2.8 மில்லிகிராம் தேய்கிறது என்பது அவர் கண்ட உண்மை. சட்டம் பொறுத்துக்கொண்ட குறைவோ ஏறத்தாழ 50 மில்லிகிராம்தான். ஆகவே எவரும் தீங்கிழைக்காமலே, கைமாறிக் கைமாறியே, பதினெட்டு ஆண்டுகளில் ஒரு நல்ல காசு சட்டத்தின் பார்வையில் செல்லாக் காசாகிவிடும்! அந்நாளில் புழங்கிய சவரன்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அந்நிலையை எய்திவிட்டதாக அவர் கணக்கிட்டார். எடைக் குறைவு அத்துணை இயல்பானதாக இருந்தது.

இக்கணக்கை நாமும் கைக்கொள்ளலாம். 1880-ஆம் ஆண்டுக் காசு ஒன்று 7.90 கிராம் இருப்பதாகக் கொள்வோம். குறைவு 88 மில்லிகிராம். ஏறத்தாழ முப்பத்தோர் ஆண்டுகளின் தேய்மானம். 1914-இல் முதல் உலகப்போர் மூண்டதும் இங்கிலாந்தில் பொற்காசுகள் புழக்கத்தினின்று விலக்கப்பட்டன. ஆதலால் அக்காசு முப்பத்து நான்கு ஆண்டுகள் அங்கே உலவியிருக்கக் கூடும். எனவே ஐயத்திற்கு இடமில்லை. அதே காசு 7.60 கிராமாக இருப்பின், அக்குறைவுக்கு ஏறத்தாழ நூற்று நாற்பது ஆண்டுப் புழக்கம் வேண்டும். வேறு காரணத்தைத் தேடவேண்டியதுதான்.

அப்போது தராசை விடுத்துக் காசின் முகத்தை நோக்கவேண்டும். இயல்பான தேய்வு மேடான இடங்களை முதலில் தொடும். அரசியின் கூந்தல் மழுங்கும். குதிரையின் மார்பு தட்டையாகும். எடை பெரிதும் குறைந்திருந்தும் உருவங்கள் கூர்மையாக நின்றால், அது போலியாகலாம். விளிம்பின் பல்வரிசை ஓரிடத்தில் மட்டும் அழிந்திருந்தால், அங்கே அரம் பட்டிருக்கலாம். அல்லது கழுத்தணியில் கோக்க வைத்த வளையத்தை எடுத்த தடமாக இருக்கலாம். பல்லாண்டு மாலையில் உரசிய காசும் கூடுதலாகத் தேயும். ஆண்டு, தேய்வு, விளிம்பு ஆகிய மூன்றும் எடையோடு ஒத்துப் பேசினாலன்றித் தீர்ப்புக் கூறலாகாது.

இந்த நுட்பம் நாணயம் சேர்ப்போரின் பொழுதுபோக்கு மட்டுமன்று. இங்கிலாந்தின் 1870-ஆம் ஆண்டு நாணயச் சட்டம், எடை குறைந்த பொற்காசைப் பெறுபவர் அதனை வெட்டிச் சிதைக்கவேண்டும் என்றும், இழப்பைக் கொண்டுவந்தவரே ஏற்கவேண்டும் என்றும் விதித்தது. இங்கிலாந்து வங்கியிலோ, வில்லியம் காட்டன் வடிவமைத்த தானியங்கித் தராசு 1840-கள் முதலே எடை குறைந்த காசுகளைப் பிரித்துத் தள்ளிக்கொண்டிருந்தது. ஆயிரம் கைகள் சேர்ந்து தேய்த்ததற்கு, இறுதியாக வைத்திருந்த ஒரு கை தண்டம் கட்டியது! தராசு பொய் கூறவில்லை. ஆயினும் நீதி அங்கே இல்லை.

இவ்வநீதி பின்னர் நீங்கிற்று. விக்டோரியா அரசிக்கு முற்பட்ட காசுகளுக்கு 1889-ஆம் ஆண்டுச் சட்டமும், ஏனையவற்றுக்கு 1891-ஆம் ஆண்டுச் சட்டமும் வழிசெய்தன. சூதால் குறைக்கப்படாமல் புழக்கத்தால் மட்டுமே தேய்ந்த காசுகளை அரசே முழு மதிப்புக்கு ஏற்றது. தேய்வு வேறு, திருட்டு வேறு என்பதைச் சட்டம் உணர்வதற்குத்தான் எத்தனை ஆண்டுகள்!

காசு தேய்வது அது பயன்பட்டதற்கு அடையாளம். பேழைக்குள் உறங்கிய காசே முழு எடையோடு மின்னும். ஊருக்கு உழைத்துத் தேய்ந்த ஒன்றை, அது கடந்துவந்த ஆண்டுகளை எண்ணிப் பாராமல் எடை குறைந்ததென்று ஒதுக்குவது, காசின் பொருட்டாயினும் மனிதர் பொருட்டாயினும், முறையான அளவை ஆகாது அன்றோ!