மொய்: கொடையா, கடனா?

கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா வீதியில், 1863-ஆம் ஆண்டில் இந்திய முஸ்லிம் வணிகர் எழுப்பிய பள்ளிவாசலின் அருகே, ஒரு மாலை நின்று நோக்குக. சேலையும் மாலையும் வாங்கிச் செல்லும் தமிழருட் பலர் ஏதோவொரு மணவீட்டிற்கு விருந்தினர். சீனர் பெருநாளில் சிவப்பு உறை தருவர். மலாய்க்காரர் பச்சை உறை தருவர். நம்மவரோ 51 வெள்ளி, 101 வெள்ளி என ஒன்று கூட்டி மொய் எழுதுவர்.

மொய் என்னுஞ் சொல்லுக்கு நெருங்கிக் கூடுதல் என்பது பொருள். கூடியவர் இயன்றதைத் தந்து ஒரு குடும்பத்தின் சுமையைப் பங்கிட்டுக் கொண்டனர். வங்கியின் வாயிலை மிதித்தறியாத ஏழைக்கு இதுவே வங்கியாயிற்று. தஞ்சை, புதுக்கோட்டைப் பக்கங்களிலே மணமே இன்றி, மொய் பெறுதற்கென்றே விருந்து வைக்கும் வழக்கமும் உளது. இஃது நமக்கு மட்டும் உரியதன்று. ஆப்பிரிக்காவின் கானா நாட்டு அக்கான் மக்கள் இழவு வீட்டிற்குப் பொருள் தருவர். தந்தவர் பெயரும் தொகையும் உரக்கக் கூறப்பட்டு ஏட்டிலும் பதியப்படும்.

ஆயின், ஏட்டில் ஏறியது திரும்ப வேண்டும். இங்கேதான் கொடை கடனாகிறது. 1920-களின் இறுதியில் சிலாங்கூர்த் தோட்டங்களில் ஆணுக்கு நாட்கூலி 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1930-இல் பெருமந்தத்தால் அவை 40, 32 எனக் குறைந்தன. இரண்டு நாள் உழைத்து ஒரு வெள்ளி மொய் பெற்றவன், அதனைத் திருப்ப இரண்டரை நாள் உழைக்க வேண்டியவனானான்; பெண்ணுக்கோ மூன்று நாளும் போதவில்லை. கூலி குறைந்தது, ஏட்டிலிருந்த வெள்ளி குறைந்ததா?

ஏணிச்சேரி முடமோசியார் ஆய் அண்டிரனைப் புகழுங்கால், மறுமைப் பயன் கருதி அறத்தை விலைபேசும் வணிகன் அல்லன் அவன் என்றார். புறநானூறு போற்றிய கொடை அது. மறுமையைக் கருதுவதே வணிகமாயின், அடுத்த தை மாதத்தைக் கருதுவது யாது?

மொய்யை ஒழிக்க வேண்டுமென்பதன்று எம் கருத்து. கூடி உதவும் பண்பு வாழ்க! தொகையை உரக்கப் படிப்பதும், எளியவனின் சிறு தொகையை எள்ளுவதும், திரும்பாத மொய்க்காக உறவை முறிப்பதும் ஒழிக. இல்லாதவன் வெறுங்கையோடு வந்து வயிறார உண்டு வாழ்த்திச் செல்லும் பந்தல் எதுவோ, அதுவே மணப்பந்தல்.